பத்து பர்சென்ட்டும் ஒரு சால்வையும்

மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் விக்கிற கடையில வேலை பாக்குறவங்களுக்குக் கால் வலி சம்பளத்தோட சேர்த்தி, வாய் வலி இனாம். கஸ்டமர்கிட்ட சிரிச்சுச் சிரிச்சே தாடை இறுகிப்போன என் சக ஜீவன்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். என் பேரு ஸ்டெல்லா. கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்க கடை, சிதம்பரம் தெற்கு வீதியில அதோட கிளை. ரெண்டு எடத்துலயும் மைக் புடிக்கிறது நான்தான். ஞாயித்துக்கெழம பூசையில வாசகம் வாசிக்கிற கொரலாச்சேன்னு எங்க மொதலாளி என்னை பில் கவுண்டர்லேந்து கெளப்பி மைக் முன்னால நிறுத்திட்டாரு. அந்த மைக்கை வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு இருக்கே, நீங்களே கேளுங்க.

நெஞ்சளவு

எங்க மொதலாளிக்கு வாலிப வயசுல பட்டாளத்துக்குப் போவணும்னு உசுரு. ஆளெடுப்புக்குப் போயி ஓட்டப் பந்தயத்துல முந்திக்கிட்டு வந்தாராம், நெஞ்சளவு பத்தலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். இப்ப அளந்தா ரெண்டு ஆளுக்குக் காணும், ஆனா இனிமே யாரு எடுக்கப் போறாங்க? அந்த ஏக்கம் மனசுக்குள்ளயே கெடந்து, போன சுதந்திர தினத்துக்கு முன்னால ஒரு திட்டமா வெளிய வந்துச்சு. பட்டாளத்துலேந்து வந்தவங்க யாரு கடைக்கு வந்தாலும் பத்து பர்சென்ட் தள்ளுபடி.

அதோட நிறுத்தினாரா? ஆளு உள்ள வந்ததும் நான் மைக்குல பேரைச் சொல்லணும். கடையில இருக்குற அத்தினி பேரும் கை தட்டணும். மொதலாளி சால்வை போத்துவாரு. போட்டோ எடுத்து வாசல்ல இருக்குற பெரிய டிவியில ஓட விடணும். இது அத்தனையும் நடந்தாத்தான் பில்லுல தள்ளுபடி விழும், அதுல மட்டும் ஆளு படு கறார். "யாராவது இந்த மைக்கு, சால்வையெல்லாம் வேணாம்னா என்னா பண்றது?"ன்னு கேட்டேன். நான் என்னமோ கேக்கக் கூடாததைக் கேட்ட மாதிரி என்னை மேலயும் கீழயும் பாத்தாரு.

"வேணாம்னு எவம்மா சொல்லுவான்? எனக்கு ஒருத்தன் போத்த மாட்டானான்னு நான் ஏங்கிக்கிட்டு இருக்கேன்!"

எங்க வூட்டு ஆளு

வேணாம்னு சொல்ற ஆளு எங்க வூட்லயே இருந்தாரு. என் வூட்டுக்காரரு சவரிமுத்து, பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கிக்கிட்டு வந்தவருதான். எனக்கோ தோள்பட்டை வலி. ஈரப் பெட்ஷீட்டைத் தூக்கிக் கொடியில போடறதுக்குள்ள மாதாவே, சேசுவேன்னு அத்தினி பேரையும் கூப்புட்டாவணும். டாக்டரு கையால தொவைக்கவே கூடாதுன்னுட்டாரு. நான் வேலை பாக்குற கடையில வாஷிங் மெஷின் வரிசையா நிக்கிது, பட்டாளத்துக்காரருக்குத் தள்ளுபடி வேற. கும்புடப் போன சாமி குறுக்க வந்த கதையா இருக்கேன்னு குதிச்சுக்கிட்டு வூட்டுக்குப் போனேன்.

அவரு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு, வர மாட்டேன்னு. காரணம் எனக்குத் தெரியும். அவரு அங்க லங்கர்ல இருந்தவரு. லங்கர்னா பட்டாளத்துச் சமையக்கட்டு. ஊருக்கு வந்த புதுசுல ஒரு கல்யாணப் பந்தியில, சண்டைக்குப் போயிருக்கியா, துப்பாக்கியெல்லாம் புடிச்சியான்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. இவரு வெள்ளந்தியா, சமையல் பண்ணேன்னு சொல்லிட்டாரு. எங்க அண்ணன் இருக்கானே, "எங்க மச்சான் கரண்டி புடிக்கிறதுக்கா காஷ்மீர் வரைக்கும் போனாரு!"ன்னு எடுத்து விட்டான். பந்தியே சிரிச்சுச்சு. அன்னிலேந்து யாரு கேட்டாலும் 'கெவர்மெண்ட்ல இருந்தேன்'னு சொல்லிட்டு நகந்துடுவாரு. பட்டாளம்னு வாயைத் தொறக்கறதே இல்லை. எனக்கு எங்க அண்ணன் மேல இன்னிக்கும் கோவம் ஆறல. அதுக்காக என் தோள்பட்டை என்னா பாவம் பண்ணுச்சு? நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டதும், அவரு வாளியை எடுத்துக்கிட்டுக் கெணத்தடிக்குப் போனாரு.

"மெஷின்லாம் வேணாம் ஸ்டெல்லா. பெட்ஷீட்டு, ஜமுக்காளம் எதுவா இருந்தாலும் போடு, நானே தொவைச்சுத் தரேன். அந்த மைக்கு முன்னால மட்டும் என்னை நிறுத்திடாத."

சம்பந்தி எங்க நிக்கிறான்?

திட்டத்துக்கு முதல்ல வந்தவரு முதுநகர்க்காரரு, கம்பீரமான மீசை. ஃபிரிட்ஜைத் தொறந்து பாத்தாரு, மூடினாரு. "கேன்டீன்ல இதைவிடக் கம்மி"ன்னாரு. பட்டாளத்துக்காரங்களுக்குன்னு இருக்குற கேன்டீனைச் சொல்றாரு. டிவியைக் காட்டினேன், "கேன்டீன்ல கம்மி." ஃபேனைக் காட்டினேன், அதுவும் கேன்டீன்ல கம்மி. நம்ம பத்து பர்சென்ட்டு கேன்டீன் வாசப்படியைக்கூடத் தாண்டாதுன்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுச்சு.

சரி, வாங்காட்டியும் போவுது, மரியாதையாச்சும் பண்ணுவோம்னு மொதலாளி கண்ணைக் காட்டினாரு. நான் பேரைச் சொன்னேன். ஜனங்க கை தட்டினாங்க. சால்வையும் விழுந்துச்சு. மனுசன் மூஞ்சியில ஆயிரம் வாட்ஸ் பல்பு எரியுது. போட்டோ எடுத்து முடிஞ்சும் எடத்தை விட்டு நகரல, சுத்துமுத்தும் தேடிக்கிட்டே இருக்காரு. "என்னா சார், எதாவது பாக்கணுமா?"ன்னு கிட்ட போயிக் கேட்டேன்.

"பத்து பர்சென்ட்டை நீங்களே வச்சுக்குங்கம்மா. என் பேரை மட்டும் இன்னொரு வாட்டி சத்தமா சொல்லுங்க, என் சம்பந்தி இங்கதான் எங்கியோ மிக்சி பாத்துக்கிட்டு நிக்கிறான்!"

பச்சைப் பேண்ட்டு

இது சிதம்பரம் கிளையில நடந்தது. நான் சாப்புடப் போயிருந்தப்ப வாட்டசாட்டமா ஒரு ஆளு உள்ள வந்திருக்காரு. முடியை ஒட்ட வெட்டியிருக்காரு, போட்டிருக்கிறது பச்சையும் பழுப்புமா பட்டாளத்துப் பேண்ட்டு. எங்க மொதலாளிக்கு அது போதாதா? ஒரு வார்த்தை கேக்கல. ஓடிப்போய் சால்வையைப் போத்திட்டாரு. நான் கையைக் கழுவிட்டு ஓடி வர்றதுக்குள்ள கை தட்டலும் முடிஞ்சு, போட்டோவும் எடுத்தாச்சு. வந்தவரு கொஞ்சம்கூட அசரல. கல்யாண மாப்புள்ள மாதிரி நேரா நிமிந்து நின்னு போட்டோவுக்கு போஸ் குடுத்திருக்காரு.

பேரைக் கேட்டுக்கிட்டு, "எந்த ரெஜிமென்ட்டு சார்?"னேன். "குமராட்சி"ன்னாரு. குமராட்சிப் பக்கம் வயல்ல மருந்தடிக்கிறவங்க, வரப்பு வெட்டுறவங்க பாதிப் பேரு இந்தப் பேண்ட்டுதான் போடறாங்க. சந்தையில சல்லிசாக் கெடைக்கும், சேறு பட்டாலும் தெரியாது. இதெல்லாம் எனக்கே தெரியும், வியாபாரம் பண்ற மொதலாளிக்குத் தெரியாதா? ஆசை கண்ணை மறைச்சிருச்சு. மனுசன் செவந்துபோயி நிக்கிறாரு. அந்தக் குமராட்சிக்காரருதான் சூழ்நிலையைப் பாத்து அவரே ஆறுதலா ஒரு வார்த்தை சொன்னாரு.

"நான் மருந்தடிக்கப் போடற பேண்ட்டுய்யா இது. என்னைய யாருய்யா போத்தப் போறா, பரவால்ல. சால்வையைத் திருப்பிக் குடுக்கணுங்களா, இல்ல வூட்டுக்கு எடுத்துக்கினு போவலாங்களா?"

அதுக்கு எத்தினி பர்சென்ட்டு?

நெல்லிக்குப்பத்துலேந்து ஒரு புருசன் பொண்டாட்டி வந்தாங்க. அவரு சுபேதாரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. சால்வை போத்திக் கை தட்டினோம். மொதலாளி அன்னிக்கு என்னமோ ரொம்ப உருகிட்டாரு. பனியில நின்னவங்க, குடும்பத்தை விட்டுட்டு நின்னவங்கன்னு என் கையிலேந்து மைக்கை வாங்கி அவரே பேச ஆரம்பிச்சுட்டாரு. அந்தம்மா எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுக்கிட்டு நின்னாங்க. நானும் ஒரு பட்டாளத்துக்காரரு பொண்டாட்டிதான். அந்தம்மா உதட்டைக் கடிச்சதைப் பாத்ததுமே, இன்னிக்கு இருக்குடான்னு நெனச்சேன்.

பேச்சு முடிஞ்சுச்சு. அந்தம்மா முந்தானையை இழுத்துச் செருவிக்கிட்டு மொதலாளிக்கு முன்னால வந்தாங்க. அன்னிக்கு என் கை தானாத் தட்டுச்சு. சால்வை போத்தினப்பகூட அவ்ளோ சத்தமாத் தட்டல. அடுத்த வாரத்துலேந்து சம்சாரங்களுக்கும் தனியா ஒரு சால்வைன்னு திட்டம் மாறிப்போச்சு. அந்தம்மா சொன்னது இதுதான்.

"அவரு பனியில நின்னாரு, ஒத்துக்குறேன். மூணு புள்ளைங்களையும், வாதம் வந்த மாமியாரையும் வச்சுக்கிட்டு ஒழுவுற வூட்ல நின்னேனே நான், அதுக்கு எத்தினி பர்சென்ட்டு சார்?"

அலை வந்த நாளு

எல்லா நாளும் சிரிச்சுட்டே போயிடல. தேவனாம்பட்டினத்துலேந்து கடலுக்குப் போற ஒருத்தரு, மவளோட சீருக்கு கிரைண்டர் வாங்க வந்திருந்தாரு. அந்த நேரம் பாத்து ஒரு பட்டாளத்துக்காரருக்குச் சால்வை போத்தினோம். இருந்த ஜனத்துலயே பலமாக் கை தட்டினது இவருதான். விசில்கூட அடிச்சாரு. அப்புறம் பில் போடற எடத்துல என்கிட்ட மெதுவா, "எங்களுக்கு எதாவது உண்டாக்கா?"ன்னாரு. மீனவங்களுக்குத் திட்டம் எதுவும் இல்லைண்ணேன்னு சொன்னேன். அவரு கோவப்படல. சுனாமி அன்னிக்கு இவரும் இவரு தம்பியும் சேந்து, அலையில மாட்டினவங்களை யாரு எவருன்னு பாக்காம தோள்ல தூக்கிக்கிட்டு வந்து கரை சேத்த கதையைச் சொன்னாரு. சொல்றப்பவே மூஞ்சியைத் தெருப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. எனக்கும் பில்லு கண்ணுக்குத் தெரியல.

மொதலாளிகிட்ட போயி, இவுங்களுக்கும் போட்டா என்னான்னு கேட்டேன். அவரு நல்லவரு, யோசிச்சாரு. அப்புறம் நர்சு, லைன்மேன், சாக்கடை அள்றவங்கன்னு நாங்களே ஒவ்வொண்ணா அடுக்கிக்கிட்டுப் போனோம். அதுக்கு முடிவே வரல. "எல்லாருக்கும் குடுத்தா அதுக்குப் பேரு சலுகையா ஸ்டெல்லா? அதுதான் வெலை"ன்னாரு. அதுவும் நெசந்தான். கடைசியில கிரைண்டரோட ஒரு குக்கரையும் அவரு கையாலயே எடுத்துக் குடுத்தாரு. தேவனாம்பட்டினத்துக்காரரு வாங்கிக்கிட்டாரு. ஆட்டோவுல ஏறும்போது திரும்பி ஒண்ணு சொன்னாரு.

"குக்கருக்கு நன்றிக்கா. அவுங்களுக்குக் கை தட்டுறதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா அன்னிக்கு அலை வந்தப்ப இந்த மைக்கு எங்க இருந்துச்சுன்னுதான் ஒரு சின்ன நெனப்பு."

ரசம்

இந்தக் குடியரசு தினத்துக்கு முன்னால என் தோள்பட்டை சுத்தமாப் படுத்துடுச்சு. தலை சீவக்கூட கை தூக்க முடியல. எங்க வூட்டுக்காரரு மூஞ்சி வாடிப்போச்சு. குடியரசு தினத்தன்னிக்கு நான் கடலூர் கடையில இருப்பேன்னுதான் சொல்லிட்டுக் கெளம்பினேன். மஞ்சக்குப்பத்துல எறங்கினதும் மொதலாளி, "விழா சிதம்பரத்துலம்மா, ஏறு வண்டியில"ன்னு கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அன்னிக்கு விழாவுக்கு வந்தவரு முருகையன், புவனகிரிப் பக்கம். போன வருசந்தான் ரிட்டயர்டு ஆயி வந்தவரு. சால்வை போத்தி, போட்டோ எடுத்து, கூல் டிரிங்க்ஸ் குடுத்து உக்கார வச்சிருந்தோம். நான் தலையைத் தூக்கிப் பாக்குறேன், வாஷிங் மெஷின் வரிசைகிட்ட ஒரு ஆளு எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு. அந்த முதுகு எனக்குத் தெரியாதா?

என் கண்ணுல படாம, தள்ளுபடியும் வேணாம், மைக்கும் வேணாம்னு, முழு வெலை குடுத்து மெஷின் வாங்குறதுக்கு மனுசன் பஸ் ஏறி சிதம்பரம் வந்திருக்காரு! எனக்குச் சிரிப்பு வருது, அழுகையும் வருது. அதுக்குள்ள மொதலாளியும் பாத்துட்டாரு. கிறிஸ்மஸுக்கு எங்க வூட்டுக்குச் சாப்புட வந்தவராச்சே, இவரு பட்டாளத்து ஆளுன்னு நான்தான் அப்ப வாய் தவறிச் சொல்லியிருந்தேன். "ஸ்டெல்லா, நம்ம சவரி! சொல்லு, சொல்லு மைக்குல!"ன்னு குதிக்கிறாரு. எங்க வூட்டுக்காரரு திரும்பி என்னைப் பாத்தாரு. வேணாம்னு கண்ணாலயே கெஞ்சுறாரு. அந்தப் பக்கம் சோறு போடற மொதலாளி, இந்தப் பக்கம் தாலி கட்டின புருசன். நான் மைக்கை வாய்கிட்ட கொண்டுபோயி, "நம்ம கடைக்கு வாஷிங் மெஷின் வாங்க வந்திருக்கும் வாடிக்கையாளரை வருக வருகன்னு வரவேற்கிறோம்"ன்னு சொல்லி வச்சுட்டேன். மொதலாளி முறைச்சாரு. எங்க வூட்டுக்காரரு பெருமூச்சு விட்டாரு.

அந்நேரம் பாத்து உக்காந்திருந்த முருகையன் கூல் டிரிங்க்ஸைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சாரு. "சவரிண்ணே? லங்கர் சவரிண்ணே!"ன்னு போட்டாரு பாருங்க ஒரு சத்தம், தெற்கு வீதியே திரும்பியிருக்கும். ஓடி வந்து கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. அப்புறம் கடையில இருந்த ஜனத்தைப் பாத்துச் சொல்றாரு. மலை மேல பனி விழுந்து ரோடு அடைச்சுக்கிச்சாம். முருகையனுக்கு அப்ப சின்ன வயசு, முதல் பனிக்காலம். உசரத்துல மூச்சு முட்டி, எதைச் சாப்புட்டாலும் வாந்தியாம். வூட்டு நெனப்புல ஒரு மூலையில சுருண்டு கெடந்தாராம். எங்க வூட்டுக்காரரு லீவு முடிஞ்சு திரும்பறப்ப எங்க வூட்டுப் புளியைத் துணியில கட்டி எடுத்துக்கிட்டுப் போவாரு, அது எனக்குத் தெரியும். அந்தப் புளியில ரசம் வச்சு, கேன்ல ஊத்தி, முதுவுல கட்டிக்கிட்டு, பனியில நடந்து மேல கொண்டுபோயி இவுங்களுக்குக் குடுத்தது எனக்குத் தெரியாது. என்கிட்டகூட இவரு சொன்னதில்லை. "அந்த ரசத்தைக் குடிச்சிட்டு எங்கம்மாவை நெனச்சு ஓன்னு அழுதேங்க, அழுது முடிச்சு சோறு கேட்டேன். நான் இன்னிக்கு இங்க நிக்கிறேன்னா இந்த அண்ணனாலதான்"ன்னாரு முருகையன். சொல்லிட்டுக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டே, "உப்பு மட்டும் கொஞ்சம் கம்மிண்ணே"ன்னாரு.

கடையே சிரிச்சுச்சு. இந்தச் சிரிப்பு அந்தக் கல்யாணப் பந்திச் சிரிப்பு இல்லைங்க. எங்க வூட்டுக்காரரும் சிரிச்சாரு. கல்யாணம் ஆனதுலேந்து அவரை அவ்ளோ நிமிந்து நான் பாத்ததில்லை. எனக்குப் பொங்கிக்கிட்டு வருது, மைக்கைக் கீழ இறக்கிட்டேன். அவரு நேரா என்கிட்ட வந்தாரு. கையை நீட்டினாரு. கர்ச்சீப்பு கேக்குறாருன்னு நெனச்சேன், மைக்கை வாங்கினாரு.

"எல்லாருக்கும் வணக்கம். என் பேரு சவரிமுத்து. நான் பட்டாளத்துல சமையக்காரனா இருந்தேன். இந்தத் தம்பி சொன்னதுல ஒண்ணு மட்டும் பொய், ரசத்துல உப்பு சரியாத்தான் இருந்துச்சு."

ஆகக்கூடி, பட்டாளத்துக்காரங்களைக் கவுரவிக்கணும்னு கெளம்புற மொதலாளிமாருங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான்: பத்து பர்சென்ட்டும் குடுங்க, சால்வையும் போத்துங்க, ஆனா மைக்கை அவுங்களாக் கேக்குற வரைக்கும் யாரு மூஞ்சிக்கு முன்னாலயும் நீட்டாதீங்க, கேட்டு வாங்கிட்டா அப்புறம் திருப்பி வாங்குறது உங்க பாடு.